இரண்டிலிருந்து எட்டுக்கு

பட்டறையில் அவருக்கு வைத்த பெயர் அவசரம். முப்பது வருடமாக அக்காள் கணவரோடு சேர்ந்து வெல்டிங் பட்டறை நடத்துகிறார். தீ மந்தமாக எரிந்தால் ஆக்சிஜனைத் திருகிக் கூட்டு. அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். அது தொழிலில் ஒருநாளும் கைவிட்டதில்லை என்பதால் கொஞ்சம் தலைக்கனம் வேறு.

மாமாவுக்குப் பட்டறைப் புகையும் சிகரெட்டும் சேர்ந்து கொடுத்த நுரையீரல் நோய். இந்த முறை சளி முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூக்கில் குழாய். சுவரில் இருந்த அளவுமானியின் குட்டி உருண்டை இரண்டில் நின்றது. மனுஷன் மூச்சுக்குத் தவிக்கிறார், இவர்களுக்கு என்ன கஞ்சத்தனம்? அக்கா டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, அவசரம் எட்டுக்குத் திருகிவிட்டார்.

விரலில் மாட்டிய, ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்கும் கருவி தொண்ணூற்றெட்டு காட்டியது. மாமா கண்ணயர்ந்தார். அவசரத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

திரும்பி வந்த அக்காவிடம், "எவ்ளோ அமைதியா தூங்குறாரு பாரு!" என்றார்.

"இவரு என்னைக்குடா அமைதியா இருந்திருக்காரு?"

அக்கா உலுக்கினாள். மாமா கண் திறக்கவில்லை. அவள் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடிவந்து உருண்டையைப் பார்த்தாள். "யாரு இதத் தொட்டது?"

"நான்தான்" என்று அவசரம் கையைத் தூக்கினார்.

நர்ஸ் அளவைக் குறைத்தாள். பின்னாலேயே வந்த டாக்டர் மணிக்கட்டில் ரத்தம் எடுத்து, மூச்சுக்குக் காற்றைத் தள்ளும் மாஸ்க் மெஷினை முகத்தில் மாட்டினார்.

"இந்த நோய்ல ஆக்சிஜன் அளவு மீறினா, கரியமில வாயு வெளிய போகாம ரத்தத்துலயே தேங்கிடும். இது தூக்கமில்லங்க, மயக்கம். இவருக்குத் தொண்ணூறு இருந்தாலே போதும்."

"எழுந்திருப்பாரா, சார்?"

"ரெண்டு மணி நேரம் பாப்போம். அந்த வாயு இறங்கலன்னா தொண்டையில குழாய் போடணும்."

அக்கா தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். அவசரம் வராந்தாவில் நின்று, வாழ்க்கையில் முதல்முறையாகப் பொறுமையாகக் காத்திருந்தார். அக்காவின் தாலியைத் தன் கையாலேயே பறித்துவிட்டோமோ என்று மருகினார்.

இரண்டாவது ரத்தச் சோதனையில் வாயு இறங்கியிருந்தது. சற்று நேரத்தில் மாமா கண் விழித்து, மாஸ்க்கை விலக்கி, முதல் வேலையாக நர்ஸிடம் சண்டைக்குப் போனார். அவசரத்துக்குக் கண்ணீர் கொட்டியது.

"மாமா, நான்தான் திருகினேன்."

"தெரியும் மாப்ள. வேற எவன் எட்டுக்குப் போவான்?"

அக்கா ஸ்டூலைக் காலால் தள்ளினாள்.

"உக்காருடா. ரெண்டு கையையும் மடியில வெச்சிட்டு உக்காரு."