தறியில் விழுந்த மரியாதை அடி

போன வாரம் என் மகள் நித்யா லேப்டாப்பின் மேல் தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டிருந்தாள். காதல் தோல்வியோ என்று பயந்துவிட்டேன். இல்லை... ப்ராஜெக்ட் தோல்வி.

எலெக்ட்ரானிக்ஸ் கடைசி வருஷம். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்யும் என் சிநேகிதி செல்வியின் தறியில், அதிர்வை அளக்கும் சென்சாரை ஒட்டியிருக்கிறாள். ஊடை நூல் ஒருமுறை குறுக்கே ஓடியதும் பலகையை இழுத்து ஓர் அடி அடிப்பார்கள் இல்லையா? அந்த அடிகளை மெஷின் எண்ண வேண்டும். சேலையில் ஒரு புட்டாப் பூவுக்கும் அடுத்த புட்டாவுக்கும் நடுவே இருநூறு இழை. இடையில் போன் வந்தால் செல்விக்குக் கணக்கு விட்டுப்போகிறது.

புரோகிராம் என்றதும் பக்கம் பக்கமாக இங்கிலீஷ் இருக்கும் என்று நினைத்தேன். அதெல்லாம் இல்லை. திரையில் சின்னச் சின்னப் பெட்டிகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மவுஸால் ஒயர் இழுக்கிறாள். அவ்வளவுதான் புரோகிராம்! ஒரு பெட்டியின் பெயர் ‘பீக் டிடெக்டர்’. தறியின் அதிர்வு அலை அலையாக ஓட, குறுக்கே ஒரு கோடு. கோட்டைத் தாண்டி எழும்பினால் அடி. தாண்டாவிட்டால் இரைச்சல் – தள்ளிவிடும்.

முதல் நாள் நானும் கூடப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் கோட்டை வைத்தாள். நூறு அடிக்கு நூறு காட்டியது. மறுநாள் மெஷினை அங்கேயே விட்டுவிட்டுக் காலேஜுக்குப் போனாள். சாயங்காலம் பார்த்தால், ஒரு புட்டா இடைவெளிக்குச் செல்வி நெய்தது இருநூறு. மெஷின் சொன்னது எண்பத்து மூன்று!

மூன்று நாளில் ரிவ்யூ. போன ரிவ்யூவிலேயே, “எண்ணத் தெரியாத கவுன்ட்டர் எதுக்கும்மா?” என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். இந்த முறையும் சொதப்பினால் வேறு ப்ராஜெக்ட், முதலிலிருந்து. அழாமல் என்ன செய்வாள்?

மறுபடி செல்வி வீட்டுக்குப் போனோம். “அந்தக் கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்கேன்” என்று நான் ஐடியா கொடுத்தேன். இறக்கினாள். நூறு அடிக்கு இருநூற்றுப் பத்து காட்டியது! கால் மிதியை அழுத்துவது, பக்கத்து வீட்டுத் தறி சுவர் வழியாக அதிர்வது... எல்லாமே கணக்கில் சேர்ந்துவிட்டது. மகள் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. பழைய இடத்துக்கே கோட்டை ஏற்றினாள். நூறுக்கு நூறு!

நாங்கள் இருந்தால் சரி, போனால் தப்பு. இது என்ன மாயம்?

மூலையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த செல்வியின் கணவர் குமார் சிரித்துவிட்டார். “நீங்க இருக்கசொல்ல அடிக்கிற அடியே வேறக்கா. தனியா இருந்தா இது இந்த அடி அடிக்காது.”

செல்விக்கு முகமெல்லாம் வெட்கம். “காலேஜ் புள்ள வந்து ஒக்காந்துக்கினு பாக்குது. லேசா தட்டினா மரியாதையா இருக்குமாக்கா? அதான் நல்லா ஓங்கி அடிச்சேன்.”

நித்யா கோடு போட்டது அடிக்கு அல்ல, உபசாரத்துக்கு!

“எப்பவும் போல அடிங்க ஆன்ட்டி” என்று கெஞ்சினாள். செல்வி உடனே பூனைக்குட்டியைத் தடவுவதுபோல் தட்ட ஆரம்பித்தாள். அதுவும் எப்பவும் போல இல்லை.

செல்வியை நான் என்ன சொல்ல? விருந்தாளி வந்தால் என் வீட்டு சாம்பாரில் பருப்பு தானாகக் கூடிவிடும். டாக்டர் பட்டையைக் கட்டினால் என் பிரஷர் மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். பார்க்கிறார்கள் என்று தெரிந்த பிறகு யார்தான் எப்பவும் போல இருக்கிறோம்?

நித்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரெக்கார்டிங் பட்டனை அழுத்தினாள். “வாம்மா, காபி சாப்பிடலாம்.” தெருமுனைக் கடையில் ஆளுக்கொரு காபி, இரண்டு வடை. முக்கால் மணி நேரம் ஊர்க்கதை. திரும்பி வந்தால், செல்வியின் நிஜமான அடிகள் திரையில் வரிசையாக நின்றன. அவ்வளவு உயரமில்லை, ஆனால் மிதியைவிட, அடுத்த வீட்டுத் தறியைவிடத் தெளிவாகவே எழும்பியிருந்தன. நடுவே கோட்டை வைத்தாள். மறுநாள், ஆள் இல்லாமலே, இருநூறுக்கு இருநூறு.

“சரியா சொல்லுதும்மா!” என்று போனில் முதலில் கத்தியது செல்விதான். எனக்கே கண் கலங்கிவிட்டது.

வியாழக்கிழமை ரிவ்யூ. பெரிய புரொபசர் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டாராம்: “இந்த த்ரெஷோல்ட் கோட்டை எந்த மெத்தட்ல ஃபிக்ஸ் பண்ணினே?”

எங்கள் வீட்டுப் பெண் யோசிக்கவே இல்லை.

“எழுந்து வெளியே போயிட்டோம் சார்.”