செங்கால் பலகையும் கைச்சுற்று டிரில்லும்

மகன் கூலிம் டவுனில் இருந்து ஒரு டிரில் வாங்கி வந்து மேசையில் வைத்தான். கம்பி இல்லாத டிரில், பேட்டரியில் ஓடும் என்றான். எத்தனை வோல்ட், எந்த மரத்துக்கு எந்த வேகம் என்று ஒரு பிரசங்கமே செய்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. என் இளவயதில் நாங்கள் வைத்திருந்த கருவி எல்லாமே கம்பி இல்லாதவைதான். கரண்டு துரை பங்களாவுக்கும் ரப்பர் ஃபேக்டரிக்கும் மட்டும்தான் வந்தது. எங்கள் பேட்டரி தோள்பட்டையில் இருந்தது. சோறு போட்டால் ஓடும், போடாவிட்டாலும் ஓடியாக வேண்டும்.

கருவியைத் தேர்ந்தெடுப்பது பற்றி எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. ஒரு முறை தவறாகத் தேர்ந்தெடுத்து, அதைவிடப் பெரிய தவறையும் செய்து, எட்டு நாளில் எனக்கு உயிர் போய் வந்தது.

மலாயாவில் வெள்ளைக்காரன் காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம் அது. சுங்கை லாலாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டி, ரப்பர்ப் பால் எடுத்துக்கொண்டிருந்தேன். காட்டோரமாக வரிசையாக இருந்த எங்கள் லயத்து வீடுகளைக் காலி செய்து, ஃபேக்டரி பக்கம் முள்வேலி போட்ட இடத்துக்கு எல்லாரும் வந்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. தூணும் சட்டமும் கூரைத் தகரமும் தோட்டம் நிறுத்திக் கொடுத்தது. பழைய வீட்டுப் பலகைகளைப் பெயர்த்து வந்து சுவர் அடித்துக்கொள்வது அவரவர் பாடு. எட்டு நாள் தவணை. எட்டாம் நாள் மாலை தோட்டத்து ஆபீசைப் பார்த்துக்கொண்ட கிராணி வந்து பார்ப்பார். நாலு பக்கமும் சுவர் இல்லாத வீட்டுக்காரர்கள் ஃபேக்டரிக்குப் பின்னால் இருந்த பொதுக்கொட்டகைக்குப் போய்விட வேண்டும். பழைய லயத்தைக் கொளுத்திவிடுவார்கள்.

அந்தக் கொட்டகையைப் போய்ப் பார்த்தேன். ரப்பர் புகையும் ஈரமும் முன்பின் தெரியாத ஐம்பது பேரின் இருமலுமாக இருந்தது. என் மனைவிக்கு நிறைமாதம், தலைப்பிரசவம். அவளை அங்கே படுக்க வைக்கக் கூடாது. அந்த எட்டு நாளும் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

பழைய லயத்துப் பலகை செங்கால் மரம். பல வருடம் வெயிலில் காய்ந்து இரும்பாகக் கிடந்தது. பெயர்க்கும்போதே பழைய ஆணித் துளைகள் இருந்த முனைகள் வெடித்துவிட்டன. முனைகளை அறுத்துவிட்டுப் புதிதாக அடிக்கப் போனால் ஆணி உள்ளே இறங்கவில்லை, வளைந்து என்னைப் பார்த்தது. முதல் நாளே ஒரு கைப்பிடி ஆணியை வளைத்தேன். துளை போட்டுவிட்டுத்தான் ஆணி அடிக்க வேண்டும் என்று அப்போதுதான் புத்தி வந்தது.

தோட்டத்து லாரியில் தொற்றிக்கொண்டு சுங்கைப் பட்டாணி டவுனுக்குப் போனேன். இரும்புச் சாமான் விற்ற தமிழ் முஸ்லிம் பெரியவர் இரண்டு டிரில்லை எடுத்துப் போட்டார். ஒன்று மார்பில் வைத்து அழுத்தி, வளைந்த கைப்பிடியைச் சுற்றுவது. பழையது, மெதுவானது. இன்னொன்று சிறியது, பல்சக்கரமும் சிவப்புப் பெயின்டுமாக இருந்தது. பக்கத்துப் பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் துளை போடும் ஊசி நாலு சுற்றுச் சுற்றும். என்ன மரம் என்று கேட்டார். வீட்டுப் பலகைதான் என்றேன். கெட்டி மரமென்றால் மெதுவானதை எடு, வேகம் மென்மரத்துக்குத்தான் என்றார். விற்காத பழைய சரக்கை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. சிவப்பு டிரில்லையும் அதோடு வந்த மூன்று ஊசிகளையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்று பொழுது சாய்வதற்குள் இரண்டு ஊசி முறிந்தது. அவசரத்தில் உடம்பு பாரத்தை எல்லாம் டிரில் மேல் போட்டேன். ஊசி சூடேறி, மரத்துக்குள் மாட்டி, சட்டென்று ஒடிந்தது. மூன்றாவது ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன், வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்குப் பிறகுதான் அந்தக் கருவியைப் பழகினேன். ஊசிக்கு மெழுகுவத்தியைத் தேய்க்க வேண்டும். அழுத்தாமல் சுற்ற வேண்டும். பத்துச் சுற்றுக்கு ஒரு முறை வெளியே எடுத்துத் தூளை ஊதிவிட வேண்டும். ஒரு துளைக்கு ஒரு வெற்றிலை மென்று துப்பும் நேரம் ஆனது. ஏழாம் நாள் மதியத்துக்குள் மூன்று பக்கம் முடிந்தது, பாய் படுக்கையோடு நாங்களும் அங்கே வந்துவிட்டோம். மேற்குப் பக்கம் மட்டும் பாக்கி. ஒன்பது பலகை, நெட்டுக்குத்தாக நிறுத்தி மேலும் கீழும் சட்டத்தில் அடிக்க வேண்டும்.

அன்றைக்கு ஆயுத பூசை.

வேலிக்குள் புதிதாகக் கொண்டுவந்து வைத்த மாரியம்மனுக்குத் தகரக் கொட்டகைதான் கோயில். வெட்டுக் கத்தி, பால் வாளி, ரம்பம், சுத்தியல் என்று எல்லா வீட்டுச் சாமானும் அங்கே போனது. சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால் மறுநாள் காலைப் பூசை முடியும்வரை யாரும் தொட மாட்டார்கள். என் சாமானை வைக்க வேண்டாம், வேலை கிடக்கிறது என்றுதான் சொன்னேன். மனைவி என்னையே பார்த்தாள்.

"மொதப் பிரசவம். எல்லாரும் வெக்கிறப்ப நம்ம மட்டும் வெக்காம இருந்தா மனசு கேக்காதுங்க. காலையில எடுத்துக்கலாம்."

அவள் மேல் பழி போட மாட்டேன். எனக்கும் பயம் இருந்தது. காலை பத்து மணிக்குக் கையில் கிடைத்தால் மாலைக்குள் ஒன்பது பலகையை அடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். டிரில், சுத்தியல், ரம்பம் மூன்றையும் கொண்டுபோய் வைத்தேன். பூசாரி பூட்டினார்.

மறுநாள் விடிந்ததும் ஒலிபெருக்கி வைத்த வண்டி வந்தது. பக்கத்துத் தோட்டத்து லாரியைக் காட்டோரத்தில் யாரோ சுட்டுவிட்டார்களாம். மறு உத்தரவு வரும்வரை ஊரடங்கு, வாசல் தாண்டுகிறவனைச் சுடுவோம் என்றார்கள். வீட்டு வரிசைக்கு முன்னால் துப்பாக்கியோடு காவல் நின்றது. அதே நேரத்தில்தான் என் மனைவிக்கு இடுப்பு வலி தொடங்கியது.

வாசலில் நின்றால் கோயில் கொட்டகை தெரிந்தது. நூறு அடி இருக்காது. பூட்டும் தெரிந்தது. உள்ளே என் டிரில் குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டு சொகுசாக உட்கார்ந்திருந்தது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல ஆத்திரம் வந்தது.

மதியம் மேற்கிலிருந்து மழை பிடித்தது. திறந்து கிடந்த பக்கம் வழியாகச் சாரல் நேராகப் பாயில் அடித்தது. பலகைகளைத் தூக்கி நிறுத்தினேன், காற்று தள்ளியது. அம்மிக் குழவியைச் சுத்தியலாக்கி ஆணி அடித்துப் பார்த்தேன். ஆணி வளைந்ததுதான் மிச்சம், கட்டைவிரலும் நசுங்கியது. அவள் பாயை இழுத்துக்கொண்டு மூலைக்கு நகர்ந்தாள், ஈரம் அங்கேயும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சத்தம் போடாமல் இருந்தாள்.

வாசலுக்கு ஓடி, காவலுக்கு நின்றவரிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். என்னைவிட இளைய மலாய்க்காரர். மனைவிக்குப் பிரசவம், பக்கத்து வீட்டு அக்காவை மட்டும் வரவிடுங்கள் என்று எனக்குத் தெரிந்த மலாயில் கெஞ்சினேன். அவர் முகத்தில் இரக்கம் இருந்தது. ஆனால் உத்தரவு இல்லாமல் முடியாது, மேலதிகாரி வரட்டும் என்றார். யாரும் வரவில்லை. மழை வலுத்தபோது அவர் எதிர்க் கூரையடிக்கு ஒதுங்கினார். கண் மட்டும் எங்கள் வாசல்களை விட்டு நகரவில்லை.

அந்தப் பக்கத்து வீட்டு அக்காதான் எங்கள் லயத்துப் பிள்ளைகள் பாதிப்பேரைப் பிரசவம் பார்த்து எடுத்தவர். மேற்குப் பக்கம், இரண்டு கை நீளத்தில் அவர் வீட்டு ஜன்னல். மழைச் சத்தத்தில் அங்கிருந்து கூப்பிட்டார்.

"தம்பி, இந்தப் பக்கம் சொவரு இன்னும் அடிக்கலதானே?"

"அடிக்கலக்கா," என்றேன்.

"அப்ப நல்லதா போச்சுலா. அந்தப் பலகைங்கள ரோட்டுப் பக்கமா நிறுத்திப் பிடிச்சுக்க. நான் ஜன்னல் வழியா எறங்குறேன்."

இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சந்தின் வாயில் பலகைகளை நிறுத்தி, முதுகைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டேன். அக்கா சேற்றில் குதித்து, தவழ்ந்து, நான் காலையிலிருந்து சபித்துக்கொண்டிருந்த அந்தத் திறப்பு வழியாக உள்ளே போனார். நான் நகரவில்லை. நகர்ந்தால் பலகை விழும், பலகை விழுந்தால் காவலுக்குத் தெரியும். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மழையும் அவள் முனகலும் அக்காவின் அதட்டலும் கேட்டன. எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன், திட்டவும் செய்தேன். கடைசியில் பிள்ளை அழுதது. பெண்.

தொப்புள்கொடி வெட்ட அக்கா ஒரு புது பிளேடு வைத்திருந்தார். எல்லாரும் எல்லாவற்றையும் பூசைக்குக் கொடுத்தபோது அவர் அதை மட்டும் ஒளித்து வைத்திருக்கிறார். பின்னால் கேட்டதற்கு, பிள்ளை எடுக்கிறவள் எல்லாத்தையும் கொடுத்துவிட்டு உட்கார முடியுமா என்றார்.

அம்மன்தான் அந்தச் சுவரைத் திறந்து வைத்தாள் என்று தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். நான் ஒப்பவில்லை. அவளுக்கு மனமிருந்தால் ஊரடங்கையே நிறுத்தியிருக்கலாம். ஆனால் மறுத்துப் பேசவும் எனக்குத் தெம்பில்லை.

அடுத்த நாள் மாலைதான் ஊரடங்கை எடுத்தார்கள். கிராணி எல்லாருக்கும் ஒரு நாள் தவணை கூட்டிக் கொடுத்தார். பூசாரியிடமிருந்து டிரில்லை வாங்கி வந்து, கடைசி ஊசிக்கு மெழுகு தேய்த்து, துளை போட ஆரம்பித்தேன். ஒரு பலகைக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு. எட்டுப் பலகை முடிந்து ஒன்பதாவதைத் தூக்கியபோது, பிள்ளையை மடியில் வைத்திருந்தவள் என்னைத் தடுத்தாள்.

"அதை மட்டும் மேல ஒத்த ஆணியில தொங்க விடுங்க. மறுபடி ஊரடங்கு போட்டா அக்கா எந்த வழியா வரும்?"

ஒன்பதாவது பலகைக்கு ஒரே ஒரு துளை போட்டேன்.