தீக்குச்சிக்குத் தப்பிய நூல்

குரோஷே பின்னுகிறவளுக்கு ஊசியைவிடத் தீப்பெட்டிதான் முக்கியம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் நீங்களும் என்னைப் போல "இந்த வேலைக்கு எந்த நூல்?" என்று கடை கடையாக ஏறி இறங்கி, வாங்கியதை நம்பவும் முடியாமல் வீசவும் மனம் வராமல் முழித்தவர் என்றால், அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். நான் மட்டக்களப்பில் அறை எடுத்துத் தங்கிக் கம்பஸில் படிக்கிறேன். படிப்புக்கிடையில் ஓடருக்குப் பின்னிக் கொடுக்கிறேன். விவாத மேடையில் எவருக்கும் பயந்ததில்லை. நூலுக்குத்தான் பயம்.

வாசலில் ஒரு குச்சி

நூலுக்கு நான் போவது ஏறாவூரில் ஒரு முஸ்லிம் நானாவின் கடைக்கு. கூரை வரைக்கும் நிறம் நிறமாக அடுக்கியிருக்கும். லேபலைக் கேட்டால் அத்தனையும் சுத்தப் பருத்தி. விரலுக்கிடையில் வைத்து உருட்டினால் சிலது ஒரு மாதிரி வழுக்கும், அங்கேதான் எனக்குச் சந்தேகம் தொடங்கும். சந்தேகம் தீர ஒரே வழி, ஒரு துண்டைக் கொளுத்திப் பார்ப்பது. பருத்தி என்றால் கடதாசி எரிகிற மணம் வந்து சாம்பலாக உதிரும். செயற்கை நூல் என்றால் உருகிச் சொட்டி, முனையில் கறுப்பாக ஒரு முத்துப் போல இறுகிவிடும்.

ஒருநாள் பொறுமை போய், கடை வாசலிலேயே குச்சியைக் கிழித்துவிட்டேன். நானா மேசையைச் சுற்றிக்கூட வரவில்லை, மேலால் பாய்ந்து வந்து ஊதி அணைத்தார். நான் விடுவேனா? "லேபலில் அவன் பொய் எழுதலாம், நான் அதைச் சோதித்துப் பார்க்கக் கூடாதா? இது என்ன நியாயம்?" என்று தொடங்கினேன். அவர் தலைக்கு மேலே தொங்கிய கம்பளி, பஞ்சு, ரிப்பன் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு கேட்டார்: "புள்ள, நீ நூல் வாங்க வந்தியா, எண்ட கடைக்கி நெருப்பு வெக்க வந்தியா?"

ஞானஸ்நானச் சால்வை

அதற்குப் பிறகு வாங்கி வந்து அறையில் எரிப்பது என்று ஏற்பாடு. இப்படி எரித்தும் இழுத்தும் நனைத்தும் பார்த்துப் பார்த்தே எனக்கென்று சில பிரியமான நூல்கள் சேர்ந்தன. மீன் வாங்கப் போகிற பைக்கு முறுக்கு நைலோன். ஈரம் குடிக்காது, கழுவினால் மணம் போய்விடும். சட்டைக்கு மெல்லிய பருத்தி, நம் வெயிலுக்கு வேறு எதுவும் மேலில் தங்காது. குழந்தைக்குப் பாற்பருத்தி என்கிற மிருதுவான நூல், அதுவும் மயிர் எழும்பாத வகை.

டவுனில் ஒரு பறங்கி ஆன்ட்டி தன் தங்கச்சியின் பிள்ளைக்கு ஞானஸ்நானச் சால்வை கேட்டார். அவருக்கு வேண்டியது பஞ்சு மிட்டாய் போல் புசுபுசுவென்று இருக்கிற நூல். எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. அந்த மயிர் கழன்று பிள்ளையின் வாயில் போனால்? மூக்கில் போனால்? விரலில் சுற்றி இறுகினால்? ஒன்றொன்றாக எடுத்து வாதாடினேன். ஆன்ட்டி தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். கடைசியில் பாற்பருத்திக்குச் சம்மதித்தார். ஆனால் என் வாதத்துக்காக இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்: "உனக்கு விருப்பமான நூலிலயே பின்னு மகள், ஆனா இவ்வளவு பயத்தையும் வெச்சிக்கிட்டு நீ ஒரு புள்ள பெறாத."

வசந்தி அக்காவின் கைகள்

கொக்கட்டிச்சோலைப் பக்கம் கலியாணம், சாமத்திய வீடு, அந்தியேட்டி எதுவென்றாலும் சமையலுக்கு வசந்தி அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். கிடாரம் கிடாரமாகச் சோறு இறக்குகிறவர். புருசன் இல்லை, இரண்டு பிள்ளைகள், அந்தச் சமையல்தான் வீட்டு வருமானம். கொக்கட்டிச்சோலைக் கோயில் தேருக்கு அன்னதானச் சமையல் அவருக்குக் கிடைத்திருந்தது. கிடாரத்தின் காதைப் பிடித்து இறக்கத் தடிப்பான பிடிதுணி வேண்டும் என்று என்னிடம் வந்தார்.

"பழைய சாரத்துண்டு இல்லையா அக்கா?" என்று கேட்டேன். எனக்கு வியாபாரம் தெரியாது என்பதற்கு இதுவே சாட்சி. கோயில் அடுப்படிக்கு மீன் சட்டி பிடித்த துணியைக் கொண்டு போகலாமா என்று என்னையே திருப்பிக் கேட்டார். பழையதெல்லாம் வீட்டிலேயே இருக்க வேண்டும். புதிதுதான் உள்ளே போகும். நிறம் சிவப்பு, பருப்பு பட்டாலும் தெரியக் கூடாது.

அடுப்படிச் சாமானுக்கு நான் நம்புவது சுத்தப் பருத்தி மட்டும், இரட்டை இழையாக. சிவப்பு உருண்டையை வாங்கி வந்து எரித்தேன், நல்ல சாம்பல். அக்கா தடிப்பு இன்னும் வேண்டும் என்றதில் நூல் போதவில்லை. திரும்ப ஏறாவூருக்கு ஓடினேன். அதே கடை, அதே லேபல், அதே சிவப்பு. தேருக்கு நேரம் நெருங்கிவிட்டது, அதை எரிக்காமலே பின்னி முடித்தேன். வாங்கிக்கொண்டு போகும்போது அக்கா உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். பழைய சூட்டுத் தழும்புகள் வெள்ளையாகத் தெரிந்தன. "எண்ட அம்மா எனக்குத் தந்த சீதனம் இந்த ரெண்டு கையும்தான், உன்ட துண்ட நம்பித்தான் கிடாரத்தில வெக்கப் போறன்."

கறுப்பு முத்து

தேரன்று காலை. மிஞ்சிய சிவப்பு நூலில் என் அறைத் தோழி தர்ஷிக்குச் சாவி மாட்ட ஒரு திறப்புக் கோர்வை பின்னலாம் என்று எடுத்தேன். நுனியைப் பழக்கத்தில் குச்சியில் காட்டினேன். கடதாசி மணம் வரவில்லை. பிளாஸ்டிக் நாற்றம் வந்தது. நூல் சுருண்டு, உருகி, சொட்டி, கறுப்பாக ஒரு முத்தாக இறுகியது. இன்னொரு துண்டை எரித்தேன். இன்னொரு முத்து.

எந்தத் துணியில் எந்த உருண்டை போனது என்று எனக்கே தெரியாது. கொதிக்கிற கிடாரத்தின் காதில் அது உருகினால் உள்ளங்கையோடு ஒட்டும். ஒட்டினால் அக்கா கையை உதறுவார். உதறினால் கிடாரம் சரியும். அந்தக் கொதிகஞ்சி எங்கே கொட்டும் என்பதை அதற்கு மேல் நினைக்கத் துணிவில்லை.

அக்காவுக்குப் போன் எடுத்தேன், அடித்துக்கொண்டே இருந்தது, அவர் தூக்கவில்லை. நானாவுக்குப் போன் எடுத்துக் கத்தினேன். "லேபல்ல பருத்தி எண்டுதானே போட்டிரிக்கி" என்றார். லேபலையா கிடாரத்தில் வைக்கப் போகிறார்கள்? வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு வாதத்தை நடுவில் விட்டுவிட்டுப் போனை வைத்தேன். கட்டிலில் இருந்து அழத் தொடங்கினேன். தர்ஷி என் செருப்பைக் காலடியில் கொண்டுவந்து போட்டாள். "இஞ்ச இருந்து அழுறதுக்கு பஸ்ஸில இருந்து அழுதாயெண்டா, அங்க போயாவது சேரலாம்கா."

கிடாரத்தின் காது

தேருக்குப் போகிற சனம் பஸ்ஸை நிறைத்திருந்தது. மண்முனைப் பாலத்தில் வாவிக் காற்று முகத்தில் அடித்தும் எனக்கு வியர்த்தது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் பூவும் தேங்காயுமாகச் சிரித்துக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். நான் கையில் கறுப்பு முத்தைப் பொத்திக்கொண்டு, அக்கா இன்னும் சோறு இறக்கியிருக்கக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டு வந்தேன்.

இறங்கிச் சனத்துக்குள்ளால் இடித்துக்கொண்டு சமையல் கொட்டிலுக்கு ஓடினேன். முதலில் கண்டது வசந்தி அக்காவின் முதுகு. குனிந்து, இரண்டு கைகளையும் முழங்கை வரை தண்ணீர் அண்டாவுக்குள் விட்டபடி இருந்தார். சூட்டுப் புண்ணுக்குத்தானே அப்படித் தண்ணீருக்குள் வைப்பார்கள். நான் போட்ட சத்தத்தில் காய் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் எழும்பிவிட்டார்கள்.

"என்னகா, ஆரும் செத்துப் போயிற்றாங்களா?" அக்கா திரும்பினார். கைகளில் அரிசி ஒட்டியிருந்தது. அடுத்த உலைக்கு அரிசி கழுவுகிறார். அந்தக் கைகளைப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். பழைய தழும்புகள்தான். புதிதாக ஒன்றும் இல்லை.

நடந்ததை அவர் சொன்னார். முதல் சோற்றை இறக்கக் காதுக்கு ஒன்றாக என் துணிகளை வைத்துவிட்டு, மறுபக்கம் பிடிக்கத் தங்கச்சியின் புருசன் ரவியைக் கூப்பிட்டிருக்கிறார். ரவி இந்தா வாறன் என்றுவிட்டுத் தேர்ப்பக்கம் போய்ப் போனில் படம் எடுத்துக்கொண்டு நின்றிருக்கிறான். அக்கா போய் அவனை ஏசி இழுத்து வருவதற்குள் ஒரு துணி புகைந்து உருகிவிட்டது. பிறகு சாக்கை நனைத்துப் பிடித்து இறக்கினார்களாம். வேலைக்குச் சொன்ன நேரத்துக்கு வராத ஆம்பிளைகளைப் பற்றி நான் மேடையேறிப் பேசாத பேச்சில்லை. அன்றைக்கு, பிந்தி வந்து அக்காவின் கையைக் காப்பாற்றிய ரவியை மனதுக்குள் கும்பிட்டேன்.

மன்னிப்புக் கேட்டேன், மிச்சத் துணிகளையும் திருப்பித் தரச் சொன்னேன், நானாவையும் லேபலையும் சேர்த்து ஏசினேன். எல்லாம் ஒரே மூச்சில். அக்கா கேட்டபடியே என்னை இறக்கி வைத்த கிடாரத்தடிக்குக் கூட்டிப் போனார். ஒரு காதில் என் துணி ஒன்றும் ஆகாமல் கிடந்தது. மற்றக் காதில் என் அழகான சிவப்பு இரட்டை இழை, கறுத்துப் பளபளத்து, இரும்போடு இரும்பாக இறுகியிருந்தது. ரவி அதைக் கத்தியால் சுரண்டிச் சுரண்டிப் பார்த்துக் களைத்து நிமிர்ந்தான். என்னை யாரென்று அவனுக்குத் தெரியாது. அக்காவிடம் சொன்னான்: "மச்சாள், பின்னினவள் ஆரோ நல்ல கெட்டிக்காரிதான், கிடாரம் உடைஞ்சாலும் இது கழராது."

பிடித்த நூல் எதுவென்று இப்போது யாராவது கேட்டால், என் கண்முன்னால் சாம்பலாகிப் போன நூல்தான் என்று மட்டும் சொல்வேன்.