மெத்தைக்கடைக்காரரின் குளிர்முகப்பு

மெத்தைக்கடைக்காரர் இளமையில் ஒரு குளிர்நாட்டு விமான நிலையத்தில் பெட்டி தூக்கினார். அங்கிருந்து கொண்டுவந்தது ஒரு ஸ்வெட்டரும் கொஞ்சம் வானிலை ஞானமும். ஸ்வெட்டரையாவது பூச்சி அரித்தது. ஞானத்தைப் பூச்சிகூடச் சீண்டவில்லை. தூறலோ பெருமழையோ, அவருக்கு எல்லாம் "குளிர்முகப்பு". குளிர்காற்று அணிவகுத்து வந்து வெப்பக்காற்றை நெட்டித் தள்ளும்; தள்ளுகிற இடத்தில் மழை கொட்டும்; அது கடந்ததும் குளிரும், வானம் வெளுக்கும். தலையணை வாங்க வந்தவர்கள் இதைக் கேட்டே தூங்கியிருக்கிறார்கள்.

அந்த நாட்டுக்கு அது சரிதான்; நம்மூர்க் கடற்கரைக்கு ஒத்துவராது. வெதுவெதுப்பான கடலில் பிறக்கும் புயலுக்கு இரண்டு காற்றின் சண்டை தேவையில்லை. கடல் சூட்டைக் குடித்துத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு வரும். நடுவில் காற்று அடங்கிய ஒரு கண் இருக்கும். அன்று அப்படியொரு புயல் கரையேற வந்தது. கண் கடக்கும்போது வெளியே வராதீர்கள், பின்னாலேயே காற்று மறுபடி அடிக்கும் என்று வானொலி காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்தியது.

"கண்ணாவது மூக்காவது!" என்று வானொலியை அணைத்துவிட்டார் கடைக்காரர்.

மதியம், கடைக்குப் பின்னாலிருந்த கிடங்கின் கூரைத் தகரம் ஒன்று கழன்று படபடத்தது. சற்று நேரத்தில் காற்று சட்டென்று நின்றது. வெயில்கூட எட்டிப்பார்த்தது.

"பாத்தியா, கடந்துபோச்சு! ஏறுடா, தகரத்த முடுக்கு" என்று மைத்துனனை ஏவினார்.

மனைவிக்கு மனசு ஒப்பவில்லை. "என்னங்க, முகப்பு போனா குளிரும்னு நீங்கதானே உயிர வாங்குவீங்க? எனக்கு வேர்த்து ஊத்துதே."

"உனக்கு அடுப்படியிலயும்தான் வேர்க்கும். அதுக்கெல்லாம் வானிலை அறிக்கை வாசிப்பாங்களா?"

அப்படிச் சொன்னவரின் சட்டையும் முதுகோடு ஒட்டித்தான் கிடந்தது. அறிவாளிக்கு முதுகு தெரியாது.

கூரையிலிருந்து குரல் வந்தது. "அத்தான், நம்ம தலைக்கு மேல மட்டும்தான் நீலம். சுத்தியும் மேகம் சுவர் மாதிரி நிக்குது!"

"அது போற மேகம்டா!"

"போற மேகம் எதுக்கு அத்தான் என்னப் பாத்து வருது?"

"தம்பி, எறங்குடா!" அக்கா ஓடிப்போய் ஏணியைக் கட்டிப் பிடித்தாள். பாதி இறங்கியிருப்பான், காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து அறைந்தது. ஏணியோடு அவள்மேல் விழுந்தான். இருவரும் தவழ்ந்து கடைக்குள் வந்தபோது கிடங்குக்குக் கூரை இல்லை.

முழங்கை கிழிந்த தம்பி, கிட்டே கிடந்த மெத்தையில் சாய்ந்தான்.

"டேய், ரத்தம் படும்டா, விக்கிற சரக்கு! இன்னொரு முகப்பு வரும்னு எவன் கண்டான்?"

மனைவி கடையிலேயே விலை கூடிய மெத்தையை இழுத்துப்போட்டு, பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்து, தம்பியை அதில் படுக்கவைத்தாள்.