ஏழு பலகைகள்

துரையின் படகில் பித்தலாட்டம் செய்து வேலையை இழந்த தச்சர் என்று என் தந்தையாரைப் பற்றி எங்கள் எஸ்டேட்டில் இன்றும் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சுக்கு நானே காரணம்; ஆகவே அதைத் திருத்தும் கடமையும் என்னுடையது.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பா தேயிலைத் தொழிற்சாலையின் தச்சர். எஸ்டேட் மேலாளரான துரை, கடற்கரையில் சிதைந்து கிடந்த ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி, லோரியில் ஏற்றி, தாப்பா சாலையின் வளைவுகளைக் கடந்து மலைக்குக் கொண்டுவந்தார். அப்பாவைக் கொண்டு செப்பனிட்டு, பினாங்குச் செல்வந்தர் ஒருவருக்கு விற்பது அவர் திட்டம்.

"மழை இன்னும் ரெண்டு நாள் பேஞ்சா இங்கயே மிதக்கும்லா, ஆசாரி" என்று எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி கேலி செய்தார். அப்பா சிரிக்கவில்லை.

எது உண்மையான கிளாசிக் படகு என்று துரை அப்பாவுக்கு நீண்ட விளக்கம் அளித்தார். படகை முதலில் வரைந்தவன் வகுத்த வடிவம் மாறியிருக்கக் கூடாது. பாய்மரம் மரத்தாலேயே இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டியபோது அறைந்த பலகைகளே இன்னும் இருக்க வேண்டும். ஆனால் படகின் அடிப்பகுதியில் ஏழு பலகைகள் விரலால் குத்தினாலே உதிர்ந்தன. அவற்றை நம்பிக் கடலுக்குப் போகிறவன் திரும்ப மாட்டான் என்று அப்பா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். துரை இறங்கிவந்தார், ஒரு நிபந்தனையோடு. சாப்பாட்டுத் தூக்குடன் அங்கே நின்றிருந்த நான் அதைக் கேட்டேன்.

"மாத்து. ஆனா புதுசுன்னு யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா இது வெறும் பழைய போட்."

அப்பா தேயிலைத் தூளைக் கெட்டியாகக் கொதிக்கவைத்து, துருவேறிய ஆணிகளை அதில் ஊறப்போட்டு, அந்தச் சாயத்தைப் புதுத் தேக்கின்மேல் மூன்று நாள் பூசினார். சாய டின்னைப் பிடித்தவள் நான். இடம் நினைவில் இல்லாவிட்டால், எது புதுப் பலகை என்று எனக்கே தெரிந்திராது.

செல்வந்தர் வந்தார்; வேடிக்கை பார்க்கத் தொழிற்சாலை ஆட்களும் கூடினார்கள். படகைத் தடவிப் பார்த்து, காலம் மரத்தை எவ்வளவு அழகாகக் கறுக்க வைத்திருக்கிறது என்று மலாயில் வியந்தார். அப்பாவின் கைத்திறனுக்கான பாராட்டு காலத்துக்குப் போவதை என்னால் பொறுக்க முடியவில்லை. துரையின் நிபந்தனையை மறந்து, பள்ளியில் கற்ற மலாயில் சாயத்தின் செய்முறையை விளக்கி, ஏழு பலகைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன்.

செல்வந்தர் துரையைப் பார்த்தார். துரை, ஏதும் அறியாதவர் போல, அப்பா பக்கம் திரும்பினார்.

"நீயா இப்படிச் செஞ்ச?"

அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். நாங்கள் குடியிருந்த லயத்து வீடு எஸ்டேட்டுடையது; துரையைப் பொய்யராக்கிவிட்டு அங்கே ஒரு நாளும் இருக்க முடியாது. பழியை ஏற்றுக்கொண்டால் வீடாவது மிஞ்சும் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். அதுவும் மிஞ்சவில்லை. மாதக் கடைசியில் காய்கறி லோரி ஒன்றில் பண்டபாத்திரங்களோடு கீழே இருந்த ரிங்லெட் ஊருக்கு இறங்கினோம். அப்பா மீதிக் காலம் முழுவதும் தக்காளிப் பெட்டிகளுக்கு ஆணி அடித்தார். அந்த நாளைப் பற்றி அவர் என்னிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

"ஆமாங்க துரை. நான்தான் செஞ்சேன்" என்றுதான் அன்று அப்பா சொன்னார்.

அப்பா தம் வேலைக்கு உரிமை கொண்டாடுகிறார் என்று எண்ணி, அத்தனை பேர் முன்னிலையிலும் நான் கை தட்டினேன்.