நேர்ந்துவிட்ட பன்றி

பக்கத்து வீட்டு முத்துராணி மதினிக்கு அவள் வாய்தான் எதிரி. அவள் புருஷன் ஐயம்பெருமாள் அண்ணனை நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றக் கொண்டுபோனபோது, திருநெல்வேலி ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றே நேர்ந்துவிட்டாள்: "மாடா, அவர உசுரோட திருப்பிக் குடு. உனக்கு ஒரு பன்னி தாரேன்."

சீவலப்பேரியில் எங்கள் தெருச் சுடலைமாடனுக்குப் பன்றி வெட்டுவது வழக்கம்தான். ஆனால் நேர்ந்த பிறகு முதலில் வந்து சேருகிற பன்றி அவனுடையது. மாற்றிக் கொடுக்க முடியாது.

ஆபரேஷன் முடிந்ததும் நர்ஸ் பிரிஸில்லா சந்தோஷமாகத்தான் வந்து சொன்னாள்: "பன்னியோட வால்வு வச்சிருக்குக்கா. நல்லா வேல செய்யுது." மதினிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேர்ந்த பிறகு வந்த முதல் பன்றி அண்ணன் நெஞ்சுக்குள் அல்லவா வந்திருக்கிறது!

என்னிடம் மட்டும் சொன்னாள். "அவர்ட்ட சொல்லீராத" என்று சத்தியம் வாங்கினாள். நடவு வயலில் நாற்றைப் பாதியில் போட்டுவிட்டு, அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்க்க வீட்டுக்கு ஓடுவாள். மாடனை ஏமாற்றக் கொழுத்த பன்றி ஒன்று வாங்கி வளர்த்தாள். எனக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. மாடன் கோயில் கொடைத் திருவிழா நெருங்க நெருங்க எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

மதியக் கொடை. மேளம் உச்சத்தில். அருள் வந்த சாமியாடி முத்துமாலை, அரிவாளும் கையுமாக வந்தவன், கட்டிக் கிடந்த பன்றியைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே அண்ணன் முன்னால் போய் அவர் நெஞ்சில் கையை வைத்தான்.

"எம் பன்னி எங்கலே?"

மேளம் நின்றது. மதினி குறுக்கே பாய்ந்தாள்.

"அது அங்கன கெடக்கு! இங்கன இருக்கதத் தரமாட்டேன். இவரு நெஞ்சு அதுலதான் ஓடுது. வேணும்னா என்னைய எடுத்துக்கோ!"

முத்துமாலை அவளையே முறைத்தான். பிறகு ஒரு பிடி திருநீறு அள்ளி, அண்ணன் நெஞ்சில் அப்பிவிட்டு, கட்டிக் கிடந்த பன்றியிடம் போனான். மதினி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன்.

சாயங்காலம் வெட்டிய பன்றியின் பங்குக்கறி வந்தது. மதினி பரிமாறியதை அண்ணன் தள்ளிவைத்தார்.

"என்ன செய்யுது? நெஞ்சு வலிக்கா?" என்று பதறினாள்.

"வலியெல்லாம் இல்லட்டி. டாக்டரு எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் அத வச்சாரு. நீ பயந்துருவேன்னு நாந்தான் சொல்லல." நெஞ்சைப் பைய தடவிக்கொண்டார். "சொந்தக்காரனப் போயி எப்பிடிட்டி திங்கது?"