பள்ளத்துப் பக்கம் ஆடிய ராயப்பன் அண்ணன்

ராயப்பன் அண்ணன் போய்விட்டார். காலையில் அவர் மனைவி லூர்து அக்கா போன் செய்து சொன்னார்.

யாருக்கு என்ன ஆயிற்று என்று ஒரு நிமிடம் புரியவில்லை... இத்தனை வருடமாக அக்காவுக்குத்தான் ஏதாவது ஆகிவிடும் என்று பயந்துகொண்டிருந்தோம்.

இங்கே என் நண்பர்கள் பலருக்கு அவரைத் தெரியாது. கேமரன் மலையில் எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரர். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. எண்பதுகளின் கடைசியில், ஒரே ஒரு சீசன், இரண்டாம் டிவிஷனில் ஒரு மாநில அணிக்குச் சம்பளத்துக்குப் பந்தாடியவர்.

எங்கள் திடலைப் பற்றிச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. மூன்று பக்கம் மண்மேடு. ஒரு பக்கம் பள்ளம், கீழே ஓடை வரைக்கும் தேயிலை.

பந்து பள்ளத்தில் விழுந்தால் அடித்தவர்தான் இறங்கி எடுத்து வர வேண்டும். அதுவரை ஆட்டம் நிற்கும். ஓடைக்குப் போய்விட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். எஸ்டேட்டுக்கே ஒரு பந்து.

கீழே கொழுந்து பறிக்கிற பெண்களிடம் சிக்கினால் வசவு தனி. என் அம்மா ஒருமுறை பந்தைக் கூடையில் போட்டுக்கொண்டே மேலே ஏறி வந்து பையன்களிடம் கேட்டார். "கொழுந்து நிறுக்குற கிராணிகிட்ட இதையும் எட போடச் சொல்லவாடா?"

அதனால் எங்கள் ஆட்களுக்கு ஆட்டம் என்றால் ஒன்றுதான். என்ன ஆனாலும் பள்ளத்துப் பக்கம் பந்தை விடக்கூடாது.

ராயப்பன் அண்ணன் ஆடியது அந்தப் பக்கம். இடது பேக். விழப்போகிற பந்தை விளிம்பில் காலால் இழுத்து, உடம்பைத் திருப்பி, உள்ளே கொண்டுவந்துவிடுவார். துரத்தி வந்தவன் சறுக்கிக்கொண்டு தேயிலைக்குள் போவான்...

எஸ்டேட்டுகளுக்கு இடையில் நடந்த போட்டி ஒன்றில் அதைப் பார்த்துத்தான் ஒரு மலாய்க்கார கோச் அவரைக் கூப்பிட்டார்.

எஸ்டேட் துரை ஒரு சீசனுக்கு லீவு கொடுத்தார். கோலா தெர்லாவிலிருந்து இறங்கும் காய்கறி லாரியில், முட்டைகோஸ் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஆட்டத்துக்குப் போவார். திரும்பும்போது காலி லாரியில் படுத்துக்கொண்டு வருவார்.

கீழே அவரை 'புக்கிட்' என்று கூப்பிட்டார்களாம். மலை. வெயில் தாங்காமல், நரம்பு இழுத்துக்கொண்டு, பாதி ஆட்டத்தில் உட்கார்ந்துவிட்ட கதையை அவரே சொல்லிச் சிரிப்பார்.

எதற்காகப் போனார் என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். லூர்து அக்காவுக்கு இழுப்பு. பனி இறங்கினால் மூச்சுவிட முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே சூடான ஊருக்குப் போய்விடுங்கள் என்று தானா ராத்தாவில் டாக்டர் சொல்லியிருந்தார்.

அணி முதல் டிவிஷனுக்கு ஏறினால் அண்ணனை வைத்துக்கொள்வார்கள். அரசாங்க வேலை, குடியிருக்க குவாட்டர்ஸ். அப்படித்தான் பேச்சு.

கடைசி ஆட்டம். டிரா போதும்.

யுனிவர்சிட்டி லீவில் வந்திருந்த நான் அக்காவோடு பஸ் ஏறிப் போனேன். அவ்வளவு சமமான புல்தரையை நாங்கள் இருவருமே பார்த்ததில்லை. அக்கா தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கேளு பாப்பா, உள்ள சத்தமே இல்ல."

ஆட்டம் முடியப்போகிற நேரம். இன்னும் கோல் இல்லை. பந்து அண்ணனின் பக்கம், கோட்டை ஒட்டி உருண்டு வந்தது. பின்னாலேயே ஒருவன் ஓடி வந்தான்.

வெளியே தட்டிவிட்டால் போதும். "புவாங், புவாங்" என்று கோச் கத்தினார். தூக்கி எறி என்று. ஸ்டேடியமே அதைத்தான் கத்தியது.

நாங்கள் இரண்டு பேர் மட்டும்...

"உட்றாதீங்க, புடிங்க" என்று அக்கா எழுந்து நின்றார். என் வாயிலும் அதேதான் வந்தது. எங்களுக்கு வேறு எதுவும் தெரியாது.

அந்த இரைச்சலில் அவருக்குக் கேட்டிருக்காது. பந்தின் மேல் காலை வைத்தார். உடம்பைத் திருப்பினார்.

அங்கே சறுக்கி விழப் பள்ளம் இல்லை. வந்தவன் பந்தைப் பறித்துக்கொண்டு போனான். கோல்.

அணி ஏறவில்லை. அண்ணனை மறுபடி கூப்பிடவும் இல்லை.

அன்றைக்கே மூவரும் மலை ஏறினோம். வளைவுகளில் குளிர் தொடங்கியதும் அக்காவுக்கு இழுப்பு வந்துவிட்டது. அண்ணன் எழுந்து பஸ் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"வெளிய அடிக்கணும்னு தோணவே இல்ல லூர்து."

அக்கா மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார். "எனக்குந்தான் தோணல."

அதன் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

அண்ணன் தொழிற்சாலையில் டிரையர் பக்கம் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். தேயிலை உலர்த்துகிற அந்த அறையின் பின்சுவர் நாள் முழுக்கச் சூடாக இருக்கும். வெளியே, சுவரை ஒட்டி ஒரு பலகை போட்டார். மேலே தகரம் சாய்த்தார்.

பனி மாதங்களில் அக்கா அங்கேதான். முதுகைச் சுவரில் வைத்துக்கொண்டு, பின்னால் பிறந்த கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு.

"லூர்துக்கு குவாட்டர்ஸ் கெடைச்சிருச்சு லா" என்று போகிறவர்கள் கிண்டலடிப்பார்கள். அண்ணனும் சேர்ந்து சிரிப்பார். சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

காலையில் போனில் அக்கா அழவில்லை. "இழுப்புக்காரி நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். ஓடுனவரு போய்ட்டாரு பாரு பாப்பா."

இனிமேலாவது என்னோடு கிள்ளானுக்கு வந்துவிடுங்கள் அக்கா, இங்கே நல்ல வெயில் என்றேன்.

அவர் மூச்சு இழுப்பது கேட்டது.

"அவர இங்கதான பொதைக்கப் போறோம்" என்றார்.

நாளைக்கு அடக்கம். விடியும்போது புறப்படுகிறேன்.

தூங்குங்கள் அண்ணே.